பதினெட்டு நாள் திறந்த கதவு

இந்தத் தெருவில் மகள், நாலு தெரு தள்ளித் தாயார், நடுவே சுவர்! பெர்லின் நகரத்துக் குடும்பங்கள் பல இப்படித்தான் இருந்தன. 1961 ஆகஸ்டு 13-ந் தேதி கிழக்கு ஜெர்மனி சர்க்கார் ராவோடு ராவாக முள்வேலி போட்டது. பிறகு சுவரும் எழுந்தது. மேற்கு பெர்லின்வாசிகள் பத்து நாள் வரை எப்படியோ போய்வந்தார்கள். 23-ந் தேதி முதல் அதுவும் நின்றுவிட்டது. டெலிபோனில் பேசலாமே என்கிறீர்களா? அந்தக் கம்பிகளை 1952-லேயே துண்டித்தாகிவிட்டது! பேத்தி பிறந்த சமாசாரம் பாட்டிக்குத் தபாலில்தான் வரவேண்டும்.

கிறிஸ்துமஸுக்காவது விடக்கூடாதா என்று 1963 டிசம்பரில் பேச உட்கார்ந்தார்கள். குறுக்கே நின்றது பெயர்ச் சண்டை. "நாங்கள் தனி நாடு, ஒப்புக்கொள்ளுங்கள்" என்பது கிழக்கின் பிடிவாதம். "அது மட்டும் நடக்காது" என்பது மேற்கின் பிடிவாதம். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று சம்பந்திகள் மல்லுக்கு நிற்பார்களே, அதேதான்! முகூர்த்தமோ நெருங்குகிறது.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? இடங்கள், அதிகாரிகள், காரியாலயங்கள் ஆகியவற்றின் பெயர் விஷயத்தில் தங்களுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள்! டிசம்பர் 17-ந் தேதி கிழக்கின் சார்பில் எரிக் வெண்ட், மேற்கு பெர்லின் நகர சபை சார்பில் ஹார்ஸ்ட் கோர்பர் இருவரும், அவரவர் மேலதிகாரி உத்தரவுப்படி என்று கையெழுத்திட்டார்கள். மேற்கே வந்து மனு வாங்கிய கிழக்கத்திக்காரர்கள் தபால் இலாகா ஊழியர்கள் என்ற பெயரில் வந்தவர்கள்! அதிகாரிகள் வந்தால் கௌரவப் பிரச்னை ஆயிற்றே. தபால்காரர் வந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

அநுமதிச் சீட்டு உறவினருக்கு மட்டும். நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டும். சிநேகிதியைப் பார்க்க இடமில்லை. ஆனாலும் மார்கழிக் குளிரில் மணிக் கணக்காகக் கியூ நின்றார்கள். டிசம்பர் 19 முதல் ஜனவரி 5 வரை பதினெட்டே நாளில் சுமார் 12 லட்சம் தடவை ஜனங்கள் போய்வந்தார்கள் என்றால், ஏக்கம் எத்தனை இருந்திருக்கும்!

மறு வருஷம், 1964 நவம்பரிலிருந்து, கிழக்கே 60 வயதான பெண்களும் 65 வயதான ஆண்களும் மேற்கே வந்து உறவினரைப் பார்க்க அநுமதி கிடைத்தது. வயதானவர்கள் ஓடிப்போனால் சர்க்காருக்குப் பென்ஷன் மிச்சம்தானே!

இப்படிப் பண்டிகைக்குப் பண்டிகை ஒப்பந்தம் நீண்டு, 1966-ல் அறுந்தது. பெயர் விஷயத்தில் ஒற்றுமை இல்லை என்ற அந்த ஒரு வாக்கியத்தை இனி எழுதமாட்டோம் என்று கிழக்கு மறுத்துவிட்டது. அவசரக் குடும்ப காரியங்களுக்கு மட்டும் ஒரு காரியாலயம் மிஞ்சியது. 1971-ல் டெலிபோன் மறுபடி ஒலித்தது. 1972 ஜூனில் புதிய ஏற்பாடு வந்தது: வருஷத்துக்கு 30 நாள் போய்வரலாம், சிநேகிதியையும் பார்க்கலாம்.