இணையச் சேவை மாறலாம், கடையின் மின்னஞ்சல் முகவரி மாற வேண்டாம்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையின் மின்னஞ்சல் முகவரி, இணைய இணைப்பு எடுத்தபோது அந்தச் சேவை நிறுவனமே இலவசமாகக் கொடுத்தது. பெயர் அட்டை, ரசீதுப் புத்தகம், வேன் கதவு, தீபாவளி நாட்காட்டி என எல்லாவற்றிலும் அதே முகவரிதான். மாதம் சில வெள்ளி மிச்சமாகிறதே என்று முதலாளி வேறு நிறுவனத்திற்கு மாறுகிறார். பழைய கணக்கு மூடப்படுகிறது. சூரத்திலிருந்து தீபாவளிச் சரக்கின் விலைப்பட்டியல் வருகிறது. அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பிப் போகிறது. அனுப்பியவருக்காவது அது தெரியும். கடைக்காரருக்கு எதுவுமே தெரியாது.

கைத்தொலைபேசி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றும் வசதி மலேசியாவில் 2008-இல் வந்தது. மின்னஞ்சலும் அப்படித்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முகவரியில் அட் குறிக்குப் பின்னால் இருப்பது சேவை நிறுவனத்தின் பெயர். அது நமக்கு வாடகை வீடு மாதிரி. வீட்டைக் காலி செய்தபின் கதவு எண்ணைக் கையோடு எடுத்துப் போக முடியாது. நிறுவனமே இல்லாமல் போவதும் உண்டு. நாட்டின் முதல் இணையச் சேவையான ஜாரிங் 2015-இல் மூடப்பட்டது.

இதற்கு வழி, அட் குறிக்குப் பின்னால் கடையின் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது. டாட் மை என்று முடியும் பெயர்களை மைநிக் நிர்வகிக்கிறது. அவற்றில் டாட் காம் டாட் மை வர்த்தகங்களுக்கானது. கட்டணம் கட்டிப் பதிவு செய்து, தவணை முடியுமுன் புதுப்பித்து வந்தால் போதும். கடிதங்களை வாங்கி வைக்கும் பெட்டியை வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கலாம். இந்தப் பெயருக்கு வரும் கடிதம் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்புக்கு எம்.எக்ஸ் பதிவு என்று பெயர். நாளை பெட்டிக்காரரைப் பிடிக்கவில்லையா? அந்தக் குறிப்பை மட்டும் மாற்றினால் போதும். வாடிக்கையாளருக்கு மாற்றமே தெரியாது. இணைய இணைப்பு யாருடையது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நேயர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது, பெயர் யார் பெயரில் பதிவாகிறது என்பதைத்தான். அகப்பக்கம் செய்து கொடுத்த தம்பி, வசதிக்காகத் தன் பெயரிலேயே பதிவு செய்திருப்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் தொழிலை விட்டுவிட்டால், கடைப் பெயரை மீட்பதற்குள் முதலாளி பாடு திண்டாட்டம்தான். பதிவைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் போய்ச் சேரும் முகவரியும் முதலாளியுடையதாக இருக்கட்டும். தவணை தவறிய பெயரை வேறொருவர் வாங்கிவிடலாம்.

சிறிய பலகாரக் கடைக்கு ஜிமெயில் போன்ற இலவச முகவரியே போதுமானது. இணைப்பை மாற்றினாலும் அது நிற்கும். ஆனாலும் அதுவும் பிறர் வீடுதான்.

ஏற்கெனவே சேவை நிறுவனத்தின் முகவரியில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பழைய இணைப்பை வெட்டக் கூடாது. புது முகவரியைத் திறந்து, பழையதற்கு வருவதை அங்கே திருப்பிவிட முடியுமா என்று கேட்க வேண்டும். இணைப்பை நிறுத்தினாலும் அஞ்சல் பெட்டியை மட்டும் கட்டணத்திற்கு வைத்திருக்க அனுமதிப்பார்களா என்றும் விசாரிக்கலாம். பழைய கடிதங்கள் நிறுவனத்தின் கணினியில் மட்டுமே இருந்தால், கணக்கை மூடும் நாளில் அவையும் போய்விடும். அதனால் முன்கூட்டியே கடையின் கணினியில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வங்கி, வருமான வரி, ஊழியர் சேமநிதிக் கணக்குகளில் முகவரியை உடனே மாற்றுவது அவசியம். மறவைச்சொல் மறந்துபோனால், புதியதை அமைக்கும் வழி பழைய முகவரிக்குத்தான் போகும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எழுதும் சரக்கு வியாபாரிகளும் இருப்பதால், பழைய பெட்டியை ஓர் ஆண்டாவது திறந்து வைப்பது நல்லது. வேன் கதவில் பழைய எழுத்தை அழித்து எழுதுவதை அதற்குள் ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.