கூம்பாகும் கருவிழி

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஓயாமல் கண்ணைக் கசக்குவாள். "என்னடி, இன்னும் தூக்கம் கலையவில்லையா?" என்று நாங்கள் கேலி செய்வோம். இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை கண்ணாடி மாற்றினாள். அப்படியும் கரும்பலகையின் எழுத்துக்கள் நிழல் தட்டி இரட்டையாகத் தெரிவதாகச் சொன்னாள். கண் மருத்துவர் சோதித்து, 'கெரட்டோகோனஸ்' என்றார். அந்தப் பெயரை உச்சரிக்கவே எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. அதன் பிறகுதான் அதைப் பற்றித் தேடிப் படித்தோம். கேலி செய்ததற்காக வெட்கமும் பட்டோம்.

நம் கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போலக் கவிந்திருக்கும் தெளிந்த படலமே கார்னியா. நடுவில் அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். ஆயினும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை அதுவே செய்கிறது. கொலாஜன் என்னும் புரத இழைகள் பின்னிப் பிணைந்து அதற்கு உறுதி தருகின்றன. அந்தப் பிணைப்புத் தளர்ந்தால் படலம் மெலிந்து, கூம்பு போல முன்னே பிதுங்குகிறது. கிரேக்க மொழியில் 'கெராஸ்' என்றால் கொம்பு. 'கோனோஸ்' என்றால் கூம்பு. ஆங்கில மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் 1854-இல் இதைத் தனி நோயாகப் பிரித்து விவரித்தார்.

பிணைப்பு ஏன் தளர்கிறது? ஒரே காரணத்தைச் சுட்ட முடியவில்லை. பரம்பரைக்குப் பங்குண்டு; ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோரின் குடும்பத்தில் வேறு எவருக்கும் இது இருப்பதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெள்ளையரைவிட ஆசிய வம்சாவளியினரிடம் இந்நோய் சுமார் நான்கு மடங்கு காணப்பட்டது. தொடங்குவதும் பெரும்பாலும் நம்முடைய வயதில்தான்!

நம் கையில் இருக்கும் காரணம் ஒன்று உண்டு. அதுதான் கசக்குதல். ஆஸ்துமா, தோல் கரப்பான், தூசி ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கண் அரிக்கிறது. அரித்தால் கை தானே போகிறது. விரல் முட்டியால் அழுத்தித் தேய்க்கும்போது ஏற்கெனவே மெலிந்த படலம் மேலும் நலிகிறது. கசக்குவது மட்டுமே நோயை உண்டாக்குமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நோயை அது வளர்க்கும் என்பதில் அவ்வளவாக இல்லை. அரிப்புக்குக் குளிர்ந்த நீர் ஒத்தடமும், மருத்துவர் தரும் சொட்டு மருந்தும் போதும். மங்கலான விளக்கில் படித்தால் இது வராது. (பாட்டிமார் மன்னிக்க!)

முற்றிய நிலையில் கார்னியா மாற்று அறுவை தேவைப்படலாம். முன்னதாகக் கண்டுபிடித்தால், ரிபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் சொட்டுகளை விட்டு, புற ஊதா ஒளி பாய்ச்சி, இழைகளை இறுகப் பிணைக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1990-களில் உருவான முறை இது. நோய் மேலும் வளராமல் தடுக்கிறது. இழந்த பார்வையை முழுதும் மீட்பதில்லை.

எங்கள் தோழிக்கு ஒரு கண்ணில் அச்சிகிச்சை முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் படிக்கும் அவள் தங்கைக்கும் கார்னியாவைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இப்போதைக்குக் கூம்பு இல்லை. ஆனால் அவளுக்கும் கண் அரிக்கிறது. மதிய இடைவேளையில் அவள் கை கண்ணருகே போனால், எங்களில் யாராவது ஒருத்தி பிடித்து இழுத்து விடுகிறோம்.