கடலுக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு

எட்டு மாடிக் கட்டடம் உயரத்துக்கு அலை எழும்புமா? எழும்புமே! போர்ச்சுகல் நாட்டில் நசாரேன்னு ஒரு சின்ன மீன்பிடி ஊர். குளிர்காலத்தில் சில நாள் அங்கே அலை அந்த உயரத்தைத் தொட்டுவிடும்.

புயல்காற்று மட்டும் இதற்குக் காரணம் இல்லைங்க. ஊருக்கு எதிரே, கடலுக்கு அடியில் மிக ஆழமான ஒரு பள்ளத்தாக்கு கரை வரைக்கும் நீண்டு கிடக்கிறது. அதன் மேலே வரும் அலை வேகம் குறையாமல் வந்து சேரும். பக்கத்தில் ஆழம் குறைந்த இடத்தில் வரும் அலையோ மெதுவாகத்தான் வரும். கரையோரம் இரண்டும் ஒன்றோடொன்று மோதிச் சேரும்போது ஒரே தூக்காகத் தூக்கிவிடும்!

2011-ல் ஹவாயிலிருந்து வந்த காரெட் மெக்னமாரா அந்த அலைமேல் பலகையில் சறுக்கி உலக சாதனை படைத்தார். அதிலிருந்து குளிர்காலத்திலும் சுற்றுலாக் கூட்டம்தான். எல்லாரும் பாறை முனையில் இருக்கிற பழைய கோட்டைக்குப் போய் நின்று அலையை வேடிக்கை பார்க்கிறார்கள்.

பாறைக்குத் தெற்கே, ஊர்க் கடற்கரையில் அலை அவ்வளவு இல்லை. அங்கே மீனவப் பெண்கள் மீனைப் பிளந்து, வலைத் தட்டுகளில் பரப்பி வெயிலில் காயவைத்து விற்கிறார்கள். ஆமாங்க, நம்ம கருவாடேதான்!