மரவள்ளி மாவுக்கு ஒரு துணை

உணவுப்பொருள் கெடாமல் காக்கும் மெல்லிய படலத்தை மரவள்ளி மாவிலிருந்தே செய்யலாம். ஆனால் மாவு மட்டும் போதாது. அதன் குறையை ஈடுகட்ட ஒரு செயற்கைப் பாலிமர் துணைக்கு வேண்டும்.

மாவுச்சத்து ஒரு பாலிசாக்கரைடு. அதாவது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. அதில் கிளைவிட்ட அமைலோபெக்டினே அதிகம். நீண்டு கிடக்கும் அமைலோஸ் மரவள்ளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்றாலும், படலத்தை இழுத்துப் பிடிப்பதில் அதற்கே பெரும்பங்கு. மாவை நீரில் கரைத்துக் காய்ச்சினால், 60 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் துகள்கள் உப்பி உடைந்து கூழாகின்றன. கூழ் வடாம் இட்டவர்கள் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள்: பால்போல் வெளுத்திருந்த கரைசல் சட்டென்று கண்ணாடிபோல் தெளியும், கரண்டி கனக்கும். அந்தக் கூழைத் தட்டில் மெல்லப் பரப்பிக் காயவிட்டால் ஒளி ஊடுருவும் தாள் உரிந்து வரும். அழகான தாள்தான், ஆனால் மடித்தால் அப்பளம்போல் நொறுங்கும், ஈரம் பட்டால் ஊறித் தொய்யும். நாளாக ஆக அமைலோஸ் சங்கிலிகள் மீண்டும் நெருங்கி அடுக்கிக்கொள்வதால் இன்னும் விறைக்கும். ஆறிய சோறு மறுநாள் விறைத்துப்போவதும் இதனால்தான்.

இந்தக் குறையைத் தீர்க்கப் பெரிதும் பயன்படுவது பாலிவினைல் ஆல்கஹால். 1924இல் ஜெர்மனியில் வில்லி ஹெர்மன், வொல்ஃப்ராம் ஹேனல் இருவரும் உருவாக்கிய பாலிமர் இது. இழுவைக்குத் தாங்கும், நன்றாக வளையும். பொதுவாக இரண்டு பாலிமர்களைக் கலந்தால் எண்ணெயும் தண்ணீரும்போலப் பிரிந்து நிற்கவே பார்க்கும். மாவுச்சத்தும் பாலிவினைல் ஆல்கஹாலும் ஓரளவு ஒத்துப்போகக் காரணம், இரண்டின் உடலெங்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருப்பது. அவற்றுக்கிடையே உண்டாகும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டு நெசவுத் தொழிலுக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல. பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் பட்டறைகளில் ஸ்டார்ச்சும் இந்தப் பாலிமரும் ஒரே கொப்பரையில் வெந்து வந்தவைதான்.

செய்முறை எளிது, பக்குவம்தான் கடினம். பாலிமர் கரைய ஏறத்தாழ 90 டிகிரி வெந்நீர் வேண்டும். தனியே காய்ச்சிய மாவுக்கூழை அதில் சேர்த்துக் கட்டி தட்டாமல் கலக்க வேண்டும். நெகிழ்வுக்குக் கிளிசரின் சேர்ப்பார்கள். அதன் சிறிய மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை வழுக்கி நகரவிடுகின்றன. கிளிசரின் குறைந்தால் தாள் முறியும், கூடினால் கையில் பிசுபிசுக்கும். சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் விழுந்து, தாள் நீரில் ஊறுவது குறையும். கலவையில் சிக்கிய காற்றுக்குமிழ்களை நீக்காமல் ஊற்றினால் ஒவ்வொரு குமிழும் ஓர் ஊசித்துளையாக நிற்கும். அப்படிப்பட்ட தாள் எதையும் காக்காது.

உலர்ந்த நிலையில் இந்தப் படலம் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கிறது, எண்ணெயையும் கசியவிடுவதில்லை. ஆகவே நிலக்கடலை, முந்திரி போன்றவை காறல் வாடை அடிக்காமல் இருக்க இது பொருத்தமானது. காய்கறியின் கதை வேறு. பறித்த பிறகும் காய் மூச்சு விட்டு ஈரத்தை வெளியிடுகிறது. பாலித்தீன் பையில் கட்டிவைத்த வெண்டைக்காயை மறுநாள் பார்த்தால் பையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். பூஞ்சைக்கு அந்த ஈரம் போதும். மாவு கலந்த படலம் ஈரத்தை உறிஞ்சி வெளியே கடத்துவதால் அப்படி நீர் கோப்பது குறைகிறது. இதே தன்மையால் காய் சீக்கிரம் வாடவும் கூடும் என்பதால், பொருளுக்கேற்பக் கலவை விகிதத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. கிராம்பு எண்ணெயைப் படலத்துக்குள்ளேயே கலந்துவிடுவதும் உண்டு. அதிலுள்ள யூஜினால் மெல்ல மெல்ல வெளிப்பட்டுப் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் அடக்குகிறது. உணவோடு நேரடியாகக் கலக்கும் பாதுகாப்புப் பொருளை இதனால் குறைக்க முடியும் என்பதே இந்த முறையின் மிகப் பெரிய நன்மை.

துணையாகச் சேரும் பாலிமர் எது என்பதைப் பொறுத்தே எல்லாம். 1970களில் பாலித்தீனோடு மாவுச்சத்தைக் கலந்து மட்கும் பை செய்ய முயன்றார்கள். மண்ணில் நுண்ணுயிர்கள் மாவை மட்டும் தின்றன. பாலித்தீன் துண்டு துண்டாக உதிர்ந்து அப்படியே கிடந்தது. அதை மட்கியது என்று சொல்வது தவறு. பாலிவினைல் ஆல்கஹாலும் எங்கும் எளிதில் சிதைவதில்லை, அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். இத்தாலியின் நோவமான்ட் நிறுவனம் மாவுச்சத்தை உரக்கிடங்கில் மட்கக்கூடிய பாலியெஸ்டருடன் சேர்த்துச் செய்யும் ‘மேட்டர்-பி’யில் துணையும் சேர்ந்தே மட்கும்.

எனவே ‘மாவிலிருந்து செய்த பை’ என்று கடைக்காரர் சொன்னால், அதோடு கலந்த மற்றப் பொருள் எது என்று கேளுங்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மட்கும் பிளாஸ்டிக் பை ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும்.