கேஸ் மாத்திரைக்கு அகப்படாத கிருமி

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்குச் சுரங்கத்தின் பம்புகளைப் பற்றித் தெரியும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் மேலே வெட்ட முடியும். இறைப்பதை நிறுத்தினால் நீர் ஏறிவிடும். ஊற்று எங்கும் போய்விடுவதில்லை.

மருந்துக் கடையில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்கும் பேன்டோபிரசோலும் ஒமிபிரசோலும் தருவது இப்படிப்பட்ட நிவாரணம்தான். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் நுண்பம்புகளை அவை முடக்குகின்றன. விழுங்கிவரும்வரை எரிச்சல் அடங்கியிருக்கும், விட்டால் பலருக்குத் திரும்பும். நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவரின் சட்டைப்பையில் அந்த அட்டை வருடக்கணக்கில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. அடியில் என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லையே!

பலரிடம் அடியில் இருப்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற சுருள் வடிவக் கிருமி. பெரும்பாலும் சிறுவயதிலேயே குடும்பத்துக்குள் தொற்றி, ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு பிழைக்கிறது. எல்லோருக்கும் தொல்லை தருவதில்லை. ஆனால் சிலருக்குப் புண், மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய். 1994-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கிருமி தெரியவருவதற்கு முன்பெல்லாம் புண்ணுக்கான பழி பெரும்பாலும் சாப்பாட்டின் மேல்தான். ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா 1964-ல் வெளியிட்ட ஆய்வில், கோதுமை உண்ணும் வடக்கைவிட அரிசி உண்ணும் தெற்கில் குடற்புண் அதிகம் என்று காட்டினார். கிருமி வடக்கிலும் நிறையவே உண்டு என்பதால் அவர் கண்ட வித்தியாசம் இன்றும் யோசிக்க வைக்கிறது. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை வளர்த்தெடுத்த பிறகு, புண்ணுக்கு ஆன்டிபயாடிக் என்ற எண்ணம் மெல்ல வலுப்பெற்றது. 2005-ல் நோபல் பரிசும் வந்தது. காரமும் நேரம் தவறிய சாப்பாடும் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குபவை பெரும்பாலும் இந்தக் கிருமியும், முதுகு வலிக்கு நாம் விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும்தான். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பெருகும்.

கண்டுபிடிக்க மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். ரத்தப் பரிசோதனை, என்றோ வந்துபோன தொற்றையும் இன்றிருப்பதாகக் காட்டிவிடும். எடை குறைதல், விழுங்கச் சிரமம், ரத்தசோகை, ஓயாத வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் என ஏதாவது இருந்தால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடவே கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் பிஸ்மத்தும்கூட மலத்தைக் கறுப்பாக்கும். எது காரணம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

சிகிச்சை 14 நாள். அமிலத்தைக் குறைக்கும் மருந்து, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என நான்கும் சேர்ந்த முறையையே இன்று பல நாடுகளின் மருத்துவர்கள் முதலில் வைக்கிறார்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்துத் தரும் பழைய முறைக்குக் கிருமி பல இடங்களில் பழகிவிட்டது. வாயில் உலோகச் சுவை வரும், நாக்கு கறுக்கும், வயிறு புரட்டும். பாதியிலேயே பலர் விட்டுவிடுவது இதனால்தான். அப்படி விட்டால், பிழைத்த கிருமி மருந்துக்கு அடங்காததாக வளரக்கூடும். டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கக் கூடாது. அந்த நாட்களில் மது வேண்டாம். ஒரு நாளில் பல வேளை மருந்து என்பதால் உங்கள் ஷிஃப்ட் அட்டவணையை டாக்டரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். நைட் ஷிஃப்டில் எந்த வேளை எப்போது என்று அவரே குறித்துத் தரட்டும்.

எரிச்சல் நின்றதும் நாம் மறந்துவிடுவது மறுபரிசோதனையை. ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கேஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டு 2 வாரம் நிறுத்தி, மூச்சையோ மலத்தையோ மீண்டும் சோதிக்க வேண்டும். கிருமி இன்னும் இருந்தால் முதல் தடவை கிளாரித்ரோமைசினோ லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோ கொடுத்திருந்தால் அதையே திரும்பக் கொடுப்பதில் பயனில்லை, வேறு கூட்டு மருந்து வேண்டும். அதனால் அந்தப் பழைய மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.