உங்க ஒய்.பி. யாரு?

பெடாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா நேரலையில் அழைத்தார். "தம்பி, தோட்டத்தை விக்கப் போறாங்களாம். வீட்டு நிலத்துக்கு மனு கொடுக்க எந்த ஒய்.பி.யைப் பார்க்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாட்டைப் போட்டுச் சமாளித்தேன். வெட்கமாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து படித்தேன். நிலமும் ஊராட்சி மன்றமும் மாநில அதிகாரம். நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தில் 36 இடங்கள். மாநிலத்தில் மேலவை கிடையாது. ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்குள் பாரோய், செம்போங், ரந்தாவ், கோத்தா என நான்கு சட்டமன்றத் தொகுதிகள். மாவட்ட எல்லை வேறு, தொகுதி எல்லை வேறு. ரந்தாவ் பட்டணம் சிரம்பான் மாவட்டம்; ஓட்டுக் கணக்கில் ரெம்பாவ்!

அந்த ரந்தாவில் 2018 பொதுத்தேர்தலில் என்ன நடந்தது? அனுமதி அட்டை இல்லையென்று டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமியை வேட்புமனு மையத்துக்குள் விடவில்லை. முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். சட்டமன்றத்துக்கு அங்கே யாருமே ஓட்டுப் போடவில்லை. வழக்கு நடந்தது, தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. 2019 ஏப்ரல் 13 இடைத்தேர்தலிலும் முகமட் ஹசான்தான் வென்றார். ஆனால் இம்முறை மக்கள் ஓட்டுப் போட்டு!

அடுத்த வாரம் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் தேர்தல் ஆணையப் பதிவில் உங்க சட்டமன்றத் தொகுதி பெயர் வரும். அந்த ஒய்.பி.யின் சேவை மையத்துக்கு மனுவோட போங்க."

உங்கள் தொகுதி பெயர் தெரியுமா? இன்றே பாருங்கள்.