இலக்கமுறைக் கதைகூறலிற் கேட்போரும் களனும்

செய்யுட்கு உறுப்பென முப்பத்து நான்கினை வகுத்துரைத்த தொல்காப்பியர், கூற்று என்பதனை அடுத்துக் கேட்போர், களன் என்னும் இரண்டனையும் வைத்து எண்ணினார். சொல்வான் ஒருவன் உளனாயின், அவன் சொல்லைக் கேட்பார் யாவர், எவ்விடத்து நின்று கேட்பர் என்பனவும் அக்கூற்றின் உறுப்புக்களேயன்றிப் புறத்தன அல்ல என்பது அவர் கருத்துப் போலும். மாணவர் மனனஞ் செய்து தேர்வெழுதியபின் மறந்துவிடும் இச்சிறு நுட்பம், ஆறு வயதுக் குழந்தை பலகைக் கணினியின் முன் அமர்ந்து கதை சொல்லத் தொடங்கும் இக்காலத்திற் புதுப்பொருள் பெறுகின்றது.

பாட்டி கதை சொன்னபோது கேட்போன் அவள் மடியிலே கிடந்தான். அவன் அஞ்சினாற் பூதம் நல்ல பூதமாயிற்று; உறங்கினாற் கதை நின்றது. கோயில் மண்டபத்திற் புராணபடனம் நிகழுங்காலும் பயன் சொல்வார் கேட்போர் முகத்தை நோக்கியே விரிக்க வேண்டியதை விரித்துச் சுருக்க வேண்டியதைச் சுருக்குவர். இணையத்தில் விடப்படுங் கதைக்கோ கேட்போர் முகம் இல்லை. இன்று கேட்பவர் ஒருவர். நாளை கேட்பவர் வேறொருவர். பத்தாண்டு கழித்துக் கேட்பவர், கதை சொன்ன குழந்தையே மறந்துவிட்ட ஒன்றை அதன் பெயரோடு சேமித்து வைத்திருப்பவராதலுங் கூடும். ஆதலின் சிறார்க்குக் கதைகூறக் கற்பித்தலையும் இணையவழித் தீங்கினின்று தம்மைக் காத்துக்கொள்ளக் கற்பித்தலையும் இருவேறு பாடங்களாகப் பிரித்து, முன்னையதை மொழியாசிரியரிடமும் பின்னையதைக் கணினியாசிரியரிடமும் ஒப்படைத்தல் பொருந்தாது. கேட்போரை அறிதல் என்னும் ஓரறிவின் இரு பக்கங்களே அவை.

இலக்கமுறைக் கதைகூறல் என்பது, கூறுவான் தன் குரலிலே சொல்லுஞ் சிறு கதையொன்றைப் படம், இசை முதலியவற்றோடு கணினியாற் கோத்துச் சில நிமிடத்துள் அடங்குங் காட்சியாக ஆக்குதலாம். இதற்கு முறையான பயிற்சி ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலே தோன்றியது. டேனா அச்லி என்னுங் கலைஞர் தம் வாழ்க்கைச் செய்திகளைப் பழம் படங்களோடு மேடையிற் கூறிவந்தார். அவரும் ஜோ லம்பேட் முதலியோரும் 1990 களின் முற்பகுதியிற் பொதுமக்களுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினர். 1994 இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் இதற்கென ஒரு நிலையமும் எழுந்தது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 2001 முதல் வேல்சு நாட்டுப் பொதுமக்களைக் கொண்டு இம்முறையிற் பல கதைகளை ஆக்குவித்தது. லம்பேட் குழுவினர் இத்தகைய கதைக்கு ஏழு கூறுகள் உள எனக் கற்பித்தனர். நோக்கு, வினா, உணர்ச்சி, சுருக்கம், நடை, இசை என்பவற்றோடு அவர்கள் வைத்த ஒன்று குரல் என்னுங் கொடை. பிறன் எழுதியதைப் பிறன் வாசித்தலன்றி, வாழ்ந்தவன் வாயினாலேயே சொல் வெளிப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை. சிறந்த கொள்கையே. எனினும் அப்பட்டறைகளிற் கதை சொன்னோர் பெரும்பாலும் வளர்ந்தோர். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று துணியும் ஆற்றல் அவர்பால் இருந்தது. ஆறு வயதினர் அக்கொடையை யார்க்கு அளிப்பது என்பதே சிறார் வகுப்பிற் சிக்கல்.

இச்சிக்கலை உளநூலார் முன்னரே கண்டனர். சுவிற்சலாந்து நாட்டு யோன் பியாஜே 1923 இல் வெளியிட்ட நூலில், ஆறு முதல் எட்டு வயதுக் குழந்தைகளிடம் நிகழ்த்திய சோதனையொன்றை விவரிக்கின்றார். ஒரு குழந்தைக்குக் கதையொன்று சொல்லப்பட்டது. அக்குழந்தை வெளியே நின்ற மற்றொரு குழந்தைக்கு அதனைச் சொல்லுதல் வேண்டும். சொல்லுங் குழந்தை, அவன், அது என்னுஞ் சுட்டுக்களைப் பெயர் கூறாமலே கையாண்டது. தான் அறிந்ததைக் கேட்போனும் அறிவான் என்றே கொண்டது. எதிரே நிற்குந் தோழனது நிலையையே எண்ணிப் பார்க்க இயலாத பருவத்தினன், கண்ணாற் காணாத ஆயிரவரை எங்ஙனம் எண்ணுவான்?

அற்றேல், இவ்வயதிற் கற்பித்தல் வீண் எனலாமோ எனின், அன்று. 1970 களில் எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ் என்பவர் ஆய்ந்த சோதனையொன்றை மார்கரெற் டொனால்ட்சன் தம் 1978 ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார். குறுக்கும் நெடுக்குமாகச் சிறு சுவர்கள் வைத்து, பொலிசுக்காரப் பொம்மைகளை நிறுத்தி, அவர் கண்ணிற் படாதவாறு சிறுவன் பொம்மையை ஒளித்து வைக்குமாறு மூன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் பணிக்கப்பட்டனர். விடைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாயின. பிறர் எங்கு நின்று எதைக் காண்பர் என்பதைக் குழந்தை உணராது என்பதன்று. அது ஒளித்து விளையாடும் விளையாட்டாகவும் கதையாகவும் வரும்போது உணர்கின்றது. வெற்று விதியாக வரும்போதே திகைக்கின்றது. வகுப்பறைச் சுவரில், அந்நியரோடு பேசாதே, கடவுச்சொல்லைக் கூறாதே எனப் பெரிய எழுத்தில் ஒட்டப்படுந் தாள்கள் பயனற்றுப் போதற்கு இதுவே காரணம். அவற்றை வாசிக்கும் வயதை அக்குழந்தைகளுட் பலர் இன்னும் அடையவுமில்லை.

பியாஜேயிடம் ஜெனீவாவிற் சில ஆண்டு பணிபுரிந்த சீமோர் பப்பேட், குழந்தை கணினியை ஆளவேண்டுமேயன்றிக் கணினி குழந்தையை ஆளலாகாது என்ற கருத்துடையவர். 1967 இல் லோகோ என்னும் மொழியை ஆக்கியோருள் ஒருவர். அவர் வழிவந்த மிச்சல் ரெஸ்னிக் குழுவினர் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலிருந்து 2007 இல் ஸ்கிராச் என்பதை வெளியிட்டனர். பின்னர் மரீனா பேர்ஸ் முதலியோரோடு சேர்ந்து ஐந்து முதல் ஏழு வயதினர்க்கென 2014 இல் ஸ்கிராச் ஜூனியர் என்னுஞ் செயலியை வெளியிட்டனர். அது இலவசமாகக் கிடைப்பது. எழுத்தறியாக் குழந்தையும் கையாளுமாறு அதன் கட்டளைகள் படங்களாகவே அமைந்துள்ளன. நீலக்கட்டை உருவத்தை நடத்தும். பச்சைக்கட்டை குழந்தை பதிந்த ஒலியை எழுப்பும். செங்கட்டை முடிவைக் குறிக்கும். ஒரு கதைக்கு நான்கு பக்கம் வரையே உண்டு. நான்கே பக்கம் என்பது குறையன்று. எதை விடுவது என எண்ணச் செய்தலின் அது நன்மையே. இங்கு வேண்டப்படுவது வேறொரு பண்பு: ஆக்கிய கதை அக்கருவியிலேயே தங்கும். எவரேனும் எடுத்து அனுப்பினாலன்றி அது உலகுக்குச் செல்லாது. ஆகவே கேட்போரைக் கூட்டுதல் ஆசிரியர் கையில் இருக்கின்றது.

காக்கையும் நரியுங் கதையை இரு மாணவர் ஆக்குகின்றனர் என்க. மரத்தைத் தீட்டுகின்றனர், காக்கையைக் கிளையில் வைக்கின்றனர். நரிக்குச் சொல் வேண்டும். அவருள் ஒருவன் ஒலிவாங்கியை அழுத்தி, காக்கையைப் புகழ்ந்து பேசுகின்றான். முதன்முறை பேசியது போதிய இனிமையாக இல்லையென மற்றவன் சொல்ல, மீண்டும் பேசுகின்றான். காக்கை வாய் திறக்கும்வரை நரியின் சொல்லை இனிதாக்கிக்கொண்டே போகின்றனர். புகழ்மொழி எங்ஙனஞ் செய்யப்படுகின்றது என்பதை, செய்து பார்த்த அச்சிறுவர் அறிந்த அளவுக்குக் கேட்டுமட்டும் இருந்தோர் அறியார். மேலும், நரி உருவின் பின்னால் இருந்து பேசியவன் நரியல்லன், அடுத்த வாங்கில் இருப்பவனே என்பதை வகுப்பு முழுவதும் அறியும். இணைய விளையாட்டிலே முயல் உருவோடு வந்து, வயதென்ன, ஊரென்ன என வினவும் ஒருவனைப் பற்றி ஆசிரியர் பேசத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் இதுவே. முயலுக்குப் பின்னால் யார் இருக்கலாம் எனக் கேட்டால் விடை குழந்தைகளிடமிருந்தே வரும். அச்சமூட்டுங் கதைகளால் இதனைப் பெறமுடியாது. அஞ்சிய குழந்தை தீங்கு நேர்ந்தபோது தாயிடமும் மறைக்கின்றது. தொலைபேசியைப் பறித்துவிடுவர் என்பது அதன் முதற் கவலை.

அச்செயலியிற் படம்பிடிக்கும் வசதியும் உண்டு. குழந்தை தன் முகத்தையே கதைமாந்தர் முகமாகப் பொருத்தலாம். பெருமகிழ்ச்சி தரும் இவ்விடத்திலேதான் பாடத்தின் மறுபாதி இருக்கின்றது. முகத்துக்குப் பதிலாகத் தீட்டிய முகமூடியையும், பெயருக்குப் பதிலாகக் கதைப்பெயரையும் இடுமாறு கூறினால் அதனையும் விளையாட்டாகவே கொள்வர். அடுத்து, முடிந்த கதையை இருவர் இருவராகப் பார்த்து, இதனை ஆக்கியவர் எந்தப் பாடசாலை, எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க முடியுமா எனத் துப்பறியச் செய்தல் வேண்டும். சீருடைச் சின்னம், பின்னாலுள்ள பெயர்ப்பலகை, வழியிலுள்ள கோபுரம் என ஒவ்வொன்றாகக் கண்டு மகிழ்வர்; பின் தம் கதையிலிருந்து அவற்றை நீக்குவர். கைத்தொலைபேசியில் இடங்காட்டும் வசதி திறந்திருப்பின், எடுத்த படத்தோடு அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்கும் பதிவாகும் என்பது பெற்றோர் பலர்க்கும் புதுச் செய்தியாகவே இருக்கும்.

முகத்தை மறைக்கலாம்; குரலை என் செய்வது? அமெரிக்காவில் 1998 இல் இயற்றப்பட்டு 2000 இல் நடைமுறைக்கு வந்த சிறுவர் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம், பதின்மூன்று வயதுக்குட்பட்டார் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றி இணைய நிறுவனங்கள் திரட்டலாகாதெனத் தடுத்தது. முதலிற் பெயர், முகவரி முதலியனவே அவ்விவரங்களாகக் கொள்ளப்பட்டன. 2013 இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், குழந்தையின் உருவம் அமைந்த படத்தையும் குரல் அமைந்த ஒலிப்பதிவையும் அவற்றோடு சேர்த்தது. லம்பேட் கொடையென்றதைச் சட்டம் உடைமையென்றது. இரண்டும் மெய்யே; உடைமை அல்லாததைக் கொடையாக அளித்தல் கூடாதன்றோ. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயமும் 1989 இலேயே கருத்து வெளியிடும் உரிமையைப் பதின்மூன்றாம் உறுப்புரையிலும், அந்தரங்கத்துக்கான உரிமையைப் பதினாறாம் உறுப்புரையிலும் வைத்தது. ஒன்றைக் காக்கும் பொருட்டு மற்றதைப் பறித்தல் அச்சமவாயத்துக்கு உடன்பாடன்று.

இலங்கையில் 2020 மார்ச்சு மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது தாயின் கைத்தொலைபேசியே பல குழந்தைகளுக்கு வகுப்பறையாயிற்று. வாசித்த பாடமும் பாடிய தேவாரமும் ஒலிப்பதிவாக வட்ஸ்அப் குழுக்களிற் சென்றன. அக்குழுக்களில் யாவர் இருந்தனர், அப்பதிவுகள் இப்பொழுது எத்தனை தொலைபேசிகளில் உள என எவரும் கணக்கெடுத்திலர். அன்றைய நெருக்கடியில் அதனைக் குற்றமெனல் தகாது. நெருக்கடி நீங்கியபின்னும் பரிசளிப்பு விழாப் படங்களை மாணவர் முழுப்பெயர், வகுப்பு என்பவற்றோடு முகநூலில் இடும் பாடசாலைகளுக்கு அச்சமாதானம் இல்லை. காலையில் அந்நியர்க்குப் பெயர் கூறாதே எனப் போதித்த நிறுவனம் மாலையில் அதனைத் தானே உலகறியக் கூறுமாயின், குழந்தை எதனை நம்பும்? காப்புப் பற்றிய முதற்பாடம் ஆசிரியர்க்கும் அதிபர்க்கும் உரியது. தீங்கு நேர்ந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் எண்ணில் அறிவிக்கலாம் என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, கதையை எவர்க்கும் காட்டாது பூட்டிவைத்தலும் முறையன்று. கேட்போரின்றிக் கதையில்லை. முதற்கண் வகுப்புத் தோழர், அடுத்துப் பக்கத்து வகுப்பினர், அதன்பின் பெற்றோர் எனக் களனைச் சிறிது சிறிதாக விரிக்கலாம். ஒவ்வொரு முறையும், இதனை இன்னாருக்குக் காட்டலாமா என ஆக்கிய குழந்தையிடம் கேட்டு, வேண்டாம் எனின் அவ்வளவில் விடுதல் வேண்டும். தொரன்ரோவிலிருக்கும் அம்மம்மாவுக்குமட்டும் அனுப்பவேண்டும் என்று அக்குழந்தை சொல்லக்கூடும். தாய் அனுப்பலாம். அம்மம்மா அதனைத் தம் உறவினர் குழுவுக்கு அனுப்ப விரும்பினால், அவரும் தொலைபேசியிற் பேரப்பிள்ளையை அழைத்துக் கேட்டபின்னரே அனுப்புதல் வேண்டும்.